பெரிய மிருதங்க வித்வான்கள் தினமும் எத்தனை மணி நேரம் சாதகம், அதாவது பயிற்சி, செய்தார்கள்? என் பையன் அரை மணி நேரம்தான் வாசிக்கிறான், போதுமா?

இதே கேள்வியை நானும் பதினொரு வயதில் என் வாத்தியாரிடம் கேட்டிருக்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஏழு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். அப்புறம் வேலை, ஊர் மாற்றம் என்று விட்டுப்போனது. "பெரியவங்கல்லாம் எட்டு மணி நேரம் வாசிப்பாங்களாமே சார்?" என்றேன். "மணிக்கணக்கு இருக்கட்டும். முதல்ல ரவையை ஒழுங்காப் பிசை" என்றார்.

ரவை என்றது உப்புமாவுக்கு இல்லை. மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். வாசிப்பதற்கு முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்ப வேண்டும். தண்ணீர் கூடினால் வழுக்கும், குறைந்தால் பாதியில் உதிரும். பதம் சரியாக இருந்தால்தான் அந்த அடித்தொனி வரும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்து வைப்பதும் என் வேலை. தா தீ தொம் நம் என்ற பாலபாடத்தையே மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், மாதக்கணக்கில் வாசித்தேன். புதுப் பாடம் எதுவானாலும் கையால் தாளம் போட்டு, வாயால் சொற்கட்டை, அதாவது தா தீ தொம் போன்ற சொற்களின் கோவையை, சொல்லிக் காட்டினால்தான் வாத்தியத்தைத் தொட விடுவார். இந்த வாய்ப்பாடத்துக்கு எந்த மணிக்கணக்கும் கிடையாது. சைக்கிள் மிதிக்கும்போதும் ஓடும், கணக்குப் பரீட்சையிலும் ஓடும்.

சரி, நீங்கள் கேட்டது பெரியவர்களைப் பற்றி. பாலக்காடு மணி ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1912-ல் பிறந்தவர். அப்பா சேஷம் பாகவதர் பாடகர், அதனால் வீட்டிலேயே பாட்டு. முதல் பாடம் சாத்தபுரம் சுப்பையரிடம். சிறுவனாக இருக்கும்போதே பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு மேடையில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இதற்கு மேல் யாராவது வகுப்புக்குப் போவார்களா? அவர் போனார். மேடையில் பெயர் வாங்கிய பிறகு தஞ்சாவூர் வைத்தியநாதையரிடம் மாணவனாகப் போய் உட்கார்ந்தார். அதே குருவிடம்தான் திருவனந்தபுரத்திலிருந்து சின்னப் பையனாக வந்த டி.கே. மூர்த்தியும் குருகுலவாசம் இருந்தார். குருவின் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கி வளர்கிற பையனுக்குச் சாதகம் எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அசுர சாதகம் என்று நாம் வியப்பதெல்லாம் பெரும்பாலும் கை வேகத்தைப் பார்த்துத்தான். என் அனுபவத்தில் கை ஓரளவு யாருக்கும் வந்துவிடும். பாட்டு தெரிவதுதான் கஷ்டம். எனக்குப் பதினைந்து வயதில் ஒரு நவராத்திரிக் கச்சேரியில் வாசிக்க வாய்ப்பு வந்தது. பாடிய மாமி ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனையை அரை இடம் தள்ளி எடுத்தார். எனக்கு அந்தப் பாட்டே தெரியாது. சமத்தில், அதாவது தாளம் ஆரம்பிக்கும் இடத்திலேயே, எடுத்ததாக நினைத்துக்கொண்டு ஜோராக வாசித்தேன். மாமி தொடையில் தாளத்தை ஓங்கி ஓங்கிப் போட்டுக் காட்டினார். அனுபல்லவி வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த நாள் வாத்தியார் திட்டவில்லை. ஒரு மாதம் மிருதங்கத்தை உறையிலேயே வைக்கச் சொல்லி, பக்கத்துத் தெருப் பாட்டு வகுப்பில் வெறுமனே தாளம் போட அனுப்பினார். கற்ற ஏழு வருஷத்தில் உருப்படியான மாதம் அதுதான்.

மணி ஐயரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால் இது புரியும். ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவதைச் சங்கதி என்பார்கள். பல்லவி ஒரு சங்கதியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அவர் கையும் கூடவே போகும். பாட்டு நெட்டுருவாக இல்லாமல் அது நடக்காது. மிருதங்கத்தைப் பக்கவாத்தியம் என்று ஓரமாக வைத்திருந்த காலம் அது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாகக் கிடைத்ததே 1966-ல் அவருக்குத்தான்.

எங்கள் வகுப்பில் ஒரு இடதுகைப் பையன் இருந்தான். கையை மாற்று என்று வாத்தியார் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்டால் "பழனி மாத்தினாரா?" என்பார். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். தொப்பிக்கு எதிர்ப்பக்கமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்றால் அவர் பாடகருக்கு மறுபக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் இடம் மாற வேண்டும். சிலர் மாற மறுத்தார்கள், அதனால் அவருக்குக் கச்சேரிகளே போயின. செம்பை போன்றவர்கள் ஆதரவாக நின்றார்கள். தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி என்ற வளைந்த ஒலியை இன்றும் சொல்லிச் சொல்லி ரசிக்கிறார்கள்.

படிப்பு கெடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். உமையாள்புரம் சிவராமன் நான்கு குருக்களிடம் கற்றவர், மணி ஐயரும் அதில் ஒருவர். கூடவே சட்டமும் படித்து பி.எல். பட்டம் வாங்கியிருக்கிறார்.

பையனின் அரை மணி நேரத்தை நீட்டச் சொல்லி அவனைப் படுத்தாதீர்கள். வாரம் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வைத்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்வரை தாளம் போடச் சொல்லுங்கள். எங்கே விட்டான் என்று பாருங்கள். அந்தப் பாட்டை வீட்டில் திரும்பக் கேட்க வையுங்கள். தனி ஆவர்த்தனத்தின்போது வேண்டுமானால் எழுந்து போய் காபி சாப்பிடட்டும், பரவாயில்லை.