கம்ப்யூட்டர் ஆன் பண்ணின உடனே ஃபேன் ஏன் இவ்ளோ சத்தமா ஓடுது? கரண்டு அடிக்கடி போய் வர்றதாலயா?

கரண்டு போய் வர்றதால இல்லைங்க, முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. நான் ரங்கூன்ல தாம்வே பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றேன், இங்க கரண்டு முறை வச்சுத்தான் வரும், வந்த உடனே தெருவே "மீ லா பீ"ன்னு (கரண்டு வந்துடுச்சுன்னு) கத்தும், எல்லா வீட்லயும் தண்ணி மோட்டர் போடுவாங்க, கையோட கம்ப்யூட்டரையும் தட்டுவாங்க, ஃபேன் சர்ர்ருன்னு எகிறும், உடனே எனக்கு போன், "அண்ணே வோல்ட்டேஜ் ஏறிடுச்சு போல, மெஷின் கத்துது"ன்னு. பாதிப் பேர் இப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

சுவத்துல வர்ற 230 வோல்ட் அந்த ஃபேன் பக்கமே போகாது. பவர் சப்ளை அதை 12 வோல்ட் டிசியா மாத்தித்தான் உள்ள அனுப்புது, வெளில 200 ஆனாலும் 240 ஆனாலும் உள்ள அதே 12தான். ரொம்ப இறங்கிட்டா மெஷின் அணைஞ்சு போகுமே தவிர ஃபேன் வேகமா சுத்தாது.

அப்போ ஏன் கத்துதுன்னா, ஃபேன் வயரைப் பாருங்க. இப்ப வர்ற சிபியு ஃபேன்ல நாலு வயர் இருக்கும், இன்டெல் முறைப்படி கலர் போட்டிருந்தா கருப்பு கிரவுண்டு, மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேகத்தை மதர்போர்டுக்குச் சொல்ற வயர், நீலம்தான் "இந்த வேகத்துல ஓடு"ன்னு போர்டு ஃபேனுக்குச் சொல்ற வயர். அந்த நீல வயர்ல 25 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் போகும், அது எவ்ளோ நேரம் ஆன்ல இருக்குங்கிற அளவை வச்சு ஃபேன் வேகத்தைக் குறைச்சுக்கும். சிக்னலே வரலைன்னா? ஃபுல் ஸ்பீடு. இன்டெல் விதியே அப்படித்தான். அதாவது இந்த ஃபேனை ஓட வைக்க ஆள் தேவையில்லை, அடக்கத்தான் ஆள் வேணும். பவர் பட்டனை அமுக்கின நொடியில அந்த ஆள் இன்னும் எந்திரிக்கல, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி மெஷினைக் கிளப்புற புரோகிராம்) லோடு ஆகி, போர்டுல இருக்குற கன்ட்ரோலர் சிப் வெப்பத்தைப் படிச்சு, "ஓ சூடு இல்லையா, சரி மெதுவா ஓடு"ன்னு சொல்ற வரைக்கும் ஃபேன் முழு வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். வீட்டு மெஷின்ல சில நொடிதான், சர்வர்ல ஃபேனைப் பாத்துக்கறதுக்குன்னே இருக்குற தனி சிப் முதல்ல பூட் ஆகணும், அதனால அது ரொம்ப நேரம் கத்தும்.

வேணும்னே இப்படி வச்சிருக்காங்க, நல்லாத்தான் வச்சிருக்காங்க. கன்ட்ரோலர் செத்துட்டாலோ பயாஸ் தொங்கிட்டாலோ சத்தம்தான் வரும், சிபியு வேகாது.

மூணு வயர் ஃபேன்னா காரணம் கொஞ்சம் வேற. அதுல வோல்ட்டேஜைக் குறைச்சுத்தான் வேகத்தைக் குறைப்பாங்க, நின்னுக்கிட்டிருக்குற ஃபேனைக் கிளப்ப, ஓடுற ஃபேனை ஓட்டறதைவிட ஜாஸ்தி வோல்ட்டேஜ் வேணும், அதான் முதல்ல ஒரு தள்ளு.

விண்டோஸ் வந்தப்புறம் ரெண்டாவது தடவை ஒரு சத்தம் வரும் பாருங்க, அங்க வேணா கரண்டுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. பட்டுன்னு அணைஞ்ச மெஷின் சில சமயம் டிஸ்க் செக் பண்ணும், நெட்டும் அப்பத்தான் வந்திருக்கும், அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் ஒண்ணா கிளம்பும், சிபியு சூடாகும். அஞ்சு பத்து நிமிஷத்துல அடங்கினா ஒண்ணும் இல்லை.

அடங்கவே இல்லைன்னாதான் பாக்கணும். போன மாசம் ஒரு பையன் கொண்டு வந்தான், புது கேஸ் ஃபேன் போட்டதுலேருந்து நாள் முழுக்க இரைச்சல்னு. மூணு வயர் ஃபேன், பயாஸ்ல அந்த ஹெட்டர், அதாவது போர்டுல ஃபேன் வயரைச் சொருகுற இடம், பிடபிள்யுஎம் (சிக்னல் வச்சு வேகத்தை அடக்குற) மோட்ல இருந்துச்சு. அந்த மோட்ல போர்டு முழு 12 வோல்ட்டையும் குடுத்துட்டு நீல வயர்லதான் பேசும், இந்த ஃபேன்ல நீல வயரே இல்லையே, எப்படிக் கேக்கும்? வோல்ட்டேஜைக் குறைச்சு வேகத்தை அடக்குற டிசி மோடுக்கு மாத்தினேன், அவ்ளோதான், அடங்கிருச்சு. ஆசுஸ்ல க்யூ-ஃபேன், ஜிகாபைட்ல ஸ்மார்ட் ஃபேன்ங்கிற பேர்ல அந்த செட்டிங் இருக்கும்.

அதுக்கடுத்து தூசி. நம்ம ஊர்ல மார்ச் ஏப்ரல்ல ரூமே 35 டிகிரிக்கு மேல, தெருவுல ஜெனரேட்டர் புகை வேற, அதெல்லாம் ஃபேனுக்கும் சிபியு சூட்டை இழுக்குற ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல போய்ப் பாய் மாதிரி படிஞ்சுக்கும், மேலேருந்து பாத்தா சுத்தமாத்தான் தெரியும், ஃபேனைக் கழட்டினாத்தான் தெரியும். ப்ளோயர் அடிக்கும்போது றெக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, காத்துல கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும். அப்புறம் சத்தத்தையும் கவனிச்சுக் கேளுங்க: காத்து இரைச்சல்னா வேகம், கரகரன்னா பேரிங், டிக் டிக்னா ஏதோ வயர் றெக்கையில இடிக்குது. இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் ம்ம்ம்னு ஒரு உறுமல் வந்தா அது ஃபேனே இல்லை, மலிவு இன்வெர்ட்டரோட சைன் வேவ் சரியில்லாம பவர் சப்ளை உறுமுது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், சத்தம் பிடிக்கலைன்னு பயாஸ்ல போய் ஃபேனை ஒரேயடியா குறைச்சு வச்சுடாதீங்க, இந்த ஊர் வெயில்ல வேண்டவே வேண்டாம். சூட்டைக் காட்டுற எச்டபிள்யூமானிட்டர்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. சும்மா இருக்கும்போது சிபியு 45, 50 டிகிரி காட்டினா நம்ம ஊருக்கு அது சாதாரணம். ப்ரவுசர் மட்டும் திறந்திருக்கும்போதே 80-ஐத் தாண்டுதுன்னா தூசியைத் தட்டிட்டு சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட்டையும் மாத்திடுங்க.