தன்னார்வக் கணிமைக் குழுவுக்குப் பொதுவான ப்ராக்ஸி சர்வர் வைக்கலாமா?

தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை ஒரு பெரிய கணக்கீட்டுக்குக் கொடுக்கும் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே ப்ராக்ஸி சர்வரை, அதாவது அவர்களுக்கும் திட்டத்தின் சர்வருக்கும் நடுவே வேலையை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகை, வீட்டிலுள்ள பழைய கணினியில் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறையாக்கம் செய்த ஒரு செய்தியின் சாவியை, எல்லாச் சாவிகளையும் பலர் கணினிகளில் பகிர்ந்து சோதித்துத் தேடும் டிஸ்ட்ரிப்யூட்டட்.நெட் அமைப்பின் ஆர்சி5-72 திட்டத்தில் நீங்கள் பங்கேற்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பாய்ங்க் (BOINC) என்ற வேறொரு தன்னார்வக் கணிமை மென்பொருள் வழியாக இயங்கும் திட்டம் என்றால் இப்பதில் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கணினியும் திட்டத்தின் சர்வரோடு நேராகவே கணக்கு வைத்துக்கொள்கிறது.

அமைப்பது எளிது. பர்சனல் ப்ராக்ஸி மென்பொருளை நிறுவி, 2064ஆம் போர்ட்டைத் திறந்து, உறுப்பினர்களின் கணினியில் கணக்கைச் செய்யும் மென்பொருளான கிளையன்ட்டில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் போதும். அந்த நொடியிலிருந்து பிறருடைய உழைப்பு உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து தங்கத் தொடங்குகிறது என்பதைத்தான் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

2001இல் நான் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகப் பொறுப்பாளராக இருந்தேன். அப்போது இதற்கு முந்தைய திட்டமான ஆர்சி5-64 நடந்துகொண்டிருந்தது. முப்பது கணினிகளுக்கு ஒரே ஒரு மோடம் இணைப்பு என்பதால் ப்ராக்ஸி இல்லாமல் எங்களால் பங்கேற்றிருக்கவே முடியாது. முதல்வரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கல்லூரிச் சொத்தை முறைகேடாகப் பயன்படுத்தியதாக யாராவது எழுதக்கூடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அனுமதியின்றி டிஸ்ட்ரிப்யூட்டட்.நெட்டின் மென்பொருளைக் கல்லூரிக் கணினிகளில் நிறுவியதாக ஒரு நிர்வாகிமீது குற்ற வழக்கே தொடுக்கப்பட்டு, 2002 ஜனவரியில்தான் அது சமரசத்தில் முடிந்தது.

வீட்டில் இணைய இணைப்பு இல்லாத மாணவி ஒருவர், இரவெல்லாம் தம் கணினி முடித்த பிளாக்குகளை, அதாவது சோதிக்கக் கொடுக்கப்படும் சாவித் தொகுதிகளை, ஃபிளாப்பியில் போட்டு, அதை மழைக்கு நனையாமல் பாலித்தீன் உறையில் சுற்றி, தினமும் காலையில் என் மேசைக்குக் கொண்டுவருவார். நான் அதை ஆய்வகக் கணினியில் ஏற்றி ப்ராக்ஸிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாளைக்கான பிளாக்குகளை நிரப்பிக் கொடுப்பேன்.

அந்த நவம்பர் மழையில் தொலைபேசி இணைப்பு ஒன்பது நாள் செத்துக் கிடந்தது. செய்யவேண்டிய பிளாக்குகள் கையிருப்பில் நிறைய இருந்ததால் கணினிகள் நிற்கவில்லை. முடிந்த பிளாக்குகள் மட்டும் ப்ராக்ஸியில் குவிந்துகொண்டிருந்தன. ஒன்பதாம் நாள் மாலை இணைப்பு வந்துவிட்டது. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டு வந்தேன். இரவில் மின்சாரம் போய் வந்ததில் டிஸ்க் போய்விட்டது. காலையில் போட்டால் டக், டக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி கேட்டு நான் எழுதிய கடிதம் மூன்று மாதமாக அலுவலக மேசையில் கிடந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. யார் எதை அனுப்பினார் என்ற பதிவான லாகும் அதே டிஸ்க்கில் இருந்ததால் யாருடைய பிளாக் எத்தனை போயிற்று என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

திட்டத்துக்கு நட்டமில்லையே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், திரும்பி வராத பிளாக்கைத் திட்டத்தினர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ப்ராக்ஸி பெற்றுக்கொண்டதுமே கிளையன்ட் தன் பிரதியை அழித்துவிடுவதால், உறுப்பினர் கணக்கில் அந்த உழைப்பு ஒருபோதும் ஏறாது. ஆர்சி5-64இன் விடையான சாவி டோக்கியோவில் ஒருவருடைய 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கணினியிலிருந்து 2002 ஜூலை 14 அன்று வந்து சேர்ந்தது. அது வழியில் ஒரு ப்ராக்ஸியோடு அழிந்திருந்தால் விடை என்றாவது கிடைத்திருக்கும், கண்டுபிடித்தவர் என்ற பெயர் வேறொருவருக்குப் போயிருக்கும்.

ஆகவே அமையுங்கள், ஆனால் முடிந்த பிளாக்குகளைத் தேக்காமல் உடனுக்குடன் மேலே அனுப்பும்படி வையுங்கள். லாகின் பிரதி தினமும் வேறொரு கணினிக்குப் போகட்டும். உங்கள் ப்ராக்ஸி கிடைக்காதபோது கிளையன்ட் திட்டத்தின் சர்வருக்கே நேராகப் போகும் வசதியை உறுப்பினர்கள் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த லாகில் ஒவ்வொருவரின் மின்னஞ்சலும் ஐபி முகவரியும் உங்கள் கண்ணில் படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, பன்னிரண்டு பேரிடமும் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் போன அன்று காலையிலும் அந்த மாணவி ஃபிளாப்பியோடு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். உறையைப் பிரித்து ஃபிளாப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, "இதையாவது இன்றைக்கே அனுப்பிவிடுங்கள் சார்" என்றார். நான் என் சொந்தப் பணத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய் அதை அனுப்பிவிட்டுத்தான் அன்று மதியம் சாப்பிட்டேன்.