'வாயைக் கட்டு' என்று சொல்லாதீர்கள்: இனிப்பு ஆசை பற்றிய கேள்வி-பதில்

நீரிழிவு உள்ளவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இனிப்பைப் பார்த்தால் கை நிற்பதில்லை, தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை. வழக்கமான வேண்டுகோளை மீண்டும் வைக்கிறேன். மருந்தின் பெயரை எழுதுங்கள். சர்க்கரை அளவு வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பிறகா என்று எழுதுங்கள். இந்த இரண்டும் இல்லாத கடிதத்துக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

வயது 38, டைப் 2 நீரிழிவு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும். காலையில் வெறும் காபி, மதியம் காய்கறி சாலட். ஆனால் மாலை 5 மணிக்கு இனிப்பு இல்லாமல் இருக்க முடியவில்லை. என் மனம் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது?

உங்கள் மனத்தில் குறை இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பு கேட்கிறது, அவ்வளவுதான். பகல் முழுக்க வயிற்றைக் காயப்போட்டுவிட்டு மாலையில் நாக்கைக் குறை சொல்கிறீர்கள். காலை, மதியம் இரண்டு வேளையும் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கட்டும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எதுவானாலும் சரி. ஆசை கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே, 4 மணிக்கு, ஒரு கைப்பிடி கொட்டைகளோ ஒரு பழமோ திட்டமிட்டுச் சாப்பிடுங்கள். இரண்டு வாரம் இப்படி இருந்துவிட்டு எழுதுங்கள். தூக்கத்தையும் கவனியுங்கள், 5 மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்த நாளில் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறித்தான் இருக்கும்.

எனக்கு 220 இருக்கிறது. இனிப்பு சாப்பிடலாமா? உடனே பதில் தேவை.

எப்போது எடுத்த 220? என்ன மருந்து? என்ன வயது? மூன்றும் இல்லை. உடனே பதில் வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் போங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றிலேயே தொடர்ந்து 200-க்கு மேல் இருந்தால், அந்த அளவே பசியைக் கிளப்பும். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்லுக்குள் போகாததால் உடம்பு 'இன்னும் கொடு' என்று கேட்கும். அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது மருந்தை.

சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்க்கலாம் அல்லவா? இயற்கையானதுதானே?

ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையில் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) ஏறக்குறைய 12 கிராம், தேனில் 17. இயற்கை என்ற சொல் குளுக்கோமீட்டருக்குத் தெரியாது.

'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் என்பதால் தைரியமாக ஒரு பாக்கெட் சாப்பிட்டேன். பிறகு 260. ஏமாற்றிவிட்டார்களா?

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை நீங்கள். சர்க்கரை இல்லை என்றால் மாவு இல்லை என்று அர்த்தமில்லை. மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்ற வரிதான் உங்களுக்கு வேண்டியது. மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்திருந்தால் அதுவும் ஓரளவு சர்க்கரையை ஏற்றும், கூடவே வயிறும் கலங்கும்.

என் மனைவிக்கு டைப் 2. எங்களுக்குத் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறாள். தலையணைக்கு அடியில் காலி உறைகளைப் பார்த்தேன். அலமாரியைப் பூட்டிவிட்டேன், பிள்ளைகளையும் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நிற்கவில்லை. எப்படி வாயைக் கட்டுவது?

முதலில் பூட்டை எடுங்கள். பிள்ளைகளை அந்த வேலையிலிருந்து இன்றே விடுவியுங்கள்.

இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை, மறைக்கவும் விரும்பவில்லை. இத்தனை வருடத்தில் நான் பார்த்த, ஒளிந்து சாப்பிடுகிற நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும் வீட்டில் ஒரு காவல்காரர் இருந்தார். தட்டைப் பார்த்து முகம் சுளிப்பார், விருந்தாளிகள் முன்னால் 'உனக்கு இது கூடாது' என்பார். அன்பினால்தான் செய்கிறார், தெரியும். ஆனால் நடப்பது என்ன? எல்லோர் முன்னிலையிலும் நிதானமாக ஒரு துண்டு சாப்பிட்டு முடித்திருக்க வேண்டியவர், கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிடத்தில் பத்துத் துண்டு விழுங்குகிறார். பிறகு வெட்கம். வெட்கத்தில் சர்க்கரை பார்ப்பதை நிறுத்துகிறார், அல்லது குறிப்பேட்டில் பொய் எழுதுகிறார். அந்தப் பொய்யை நம்பி நாங்கள் மருந்தின் அளவை முடிவு செய்கிறோம். மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்ததும் அதட்டுகிற மருத்துவரிடம் எந்த நோயாளியும் உண்மை பேச மாட்டார்.

இன்னொன்று. உங்கள் மனைவிக்கு இருப்பது வெறும் ஆசைதானா என்று பார்க்க வேண்டும். பசியில்லாமலே வேகவேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும் வரை நிறுத்த முடியாதது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்னையே வெறுப்பது. இவை வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடந்தால் அது மிகையுண்ணல் நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இதைத் தனி நோயாகவே சேர்த்தது. ஒழுக்கக் குறைவு என்று அங்கே எழுதவில்லை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அறிதல்-நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் முறை) நன்றாகவே பலன் தருகிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நீரிழிவு மருத்துவருக்கும் தெரியட்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: மூன்று வேளையும் நேரத்துக்குச் சேர்ந்து சாப்பிடுங்கள். இனிப்பு வாங்கினால் சிறிய அளவில் வாங்கி, சாப்பாட்டோடு எல்லோரும் ஒரு பங்கு சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் சாப்பிடும் இனிப்பை விட, காய்கறியும் புரதமும் சாப்பிட்ட பிறகு சாப்பிடும் இனிப்பு சர்க்கரையை மெதுவாக ஏற்றும். பிறகு இருவரும் 15 நிமிடம் நடங்கள். காலி உறை கண்ணில் பட்டால் கேள்வி கேட்காதீர்கள். 'இன்றைக்கு நாள் எப்படிப் போனது?' என்று கேளுங்கள், பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ராத்திரி அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் முழுப் பட்டினி இருந்து சரிக்கட்டிவிடுகிறேன். மருந்து: எம்பாகிளிஃப்ளோசின், கிளிமெபிரைடு. சரிதானே?

சரியில்லை, ஆபத்து. கிளிமெபிரைடு போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழும். எம்பாகிளிஃப்ளோசினோடு பட்டினி சேர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலே கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேர வாய்ப்புண்டு. எல்லாவற்றுக்கும் மேல், இன்றைய பட்டினிதான் நாளை ராத்திரியின் வெறிச் சாப்பாடு. மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான உணவைச் சாப்பிடுங்கள். மருந்தைப் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள். (மருந்தின் பெயரை எழுதியதற்கு நன்றி. எழுதாவிட்டால் இதைச் சொல்லியிருக்க முடியாது.)

அதிகம் சாப்பிட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் கூடுதல் இன்சுலின் போடலாமா?

கூடாது. வேக இன்சுலின் உடம்பில் 4 மணி நேரம் வரை வேலை செய்யும். முன்பு போட்டது வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே மேலே போட்டால், நள்ளிரவில் எல்லாம் சேர்ந்து இறக்கிவிடும். கூடுதல் ஊசி எவ்வளவு, எத்தனை மணி இடைவெளி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். இரவு 2 மணிக்கு வியர்த்து, நடுங்கி எழுந்தேன், 58. பயத்தில் ஐஸ்கிரீம், சாக்லேட், ரொட்டி என்று கிடைத்ததெல்லாம் சாப்பிட்டேன். காலையில் 310.

அந்த நேரத்துப் பசியை ஆசையோடு சேர்க்காதீர்கள், அது உயிர் பிழைக்கும் துடிப்பு. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை தாமதமாகத்தான் ஏறும். பயத்தில் அளவு தெரியாது என்பதால், அளந்த குளுக்கோஸைப் படுக்கை அருகிலேயே வையுங்கள். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே உதவாது, குளுக்கோஸேதான் வேண்டும். இப்படி ஒரு முறை நடந்தாலே இன்சுலின் அளவை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

பசியைக் குறைக்கும் ஊசி போட்டால் ஆசை போய்விடுமா?

செமாகுளூடைடு போன்றவை பசியையும் சாப்பாட்டு நினைப்பையும் பலருக்குக் குறைக்கின்றன. துக்கத்தில் சாப்பிடுபவரின் துக்கத்தை அவை தொடாது. இன்சுலினோ கிளிமெபிரைடோ ஏற்கெனவே எடுத்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகத் தொடங்காதீர்கள்.

மூச்சிரைப்புக்கு ப்ரெட்னிசோலோன் தொடங்கியதிலிருந்து அகோரப் பசி.

ஸ்டீராய்டு செய்கிற வேலை, உங்கள் தவறில்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரையை அடிக்கடி பாருங்கள், நீரிழிவு மருத்துவருக்கு உடனே தெரிவியுங்கள்.

எனக்கு 19 வயது, டைப் 1. நிறையச் சாப்பிட்ட நாட்களில் எடை ஏறக் கூடாது என்று இன்சுலினைப் போடாமல் விடுகிறேன். யாருக்கும் தெரியாது. எடை குறைகிறது.

இந்தக் கடிதத்தை எழுதியதே பெரிய காரியம், கண்ணு. உன்னை யாரும் திட்டப் போவதில்லை. ஆனால் இது உயிருக்கு ஆபத்து. எடை குறையக் காரணம், இன்சுலின் இல்லாமல் உன் உடம்பு தன்னையே எரித்துக்கொள்கிறது. அந்த எரிப்பில் வருகிற கீட்டோன் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். இன்றிலிருந்து இன்சுலினை விடாதே, நீண்ட நேர இன்சுலினை எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது, மூச்சில் பழவாசனை, இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவு. இந்த வாரத்துக்குள் நீரிழிவு மருத்துவரைப் பார். வாயால் சொல்ல வரவில்லை என்றால், எனக்கு எழுதிய இந்த நாலு வரியையே ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிடு. மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.