கேள்வி நேரம்: பிங் வருகிறது, வேலை நடக்கவில்லை!

கே: வீட்டு ஃபைபர் இணைப்பில் எல்லாம் திறக்கிறது. கல்லூரி ஆய்வக சர்வருக்கு பிங்கும் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டால் பாதியில் அப்படியே நிற்கிறது. விடுதியில் இருந்து போட்டால் வருகிறதே?
– எம்.எஸ்சி. மாணவி, காரைக்குடி

ப: பிங்கை நம்பி முடிவு கட்டாதீர்கள், அது அனுப்புவது சின்னப் பாக்கெட். சந்தேகம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மேல்தான். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் போட்டு இணையும் முறை) என்றால் அதன் தலைப்பு 8 பைட்டைத் தின்றுவிடும், மீதி 1492. சர்வர் 1500-ஐ அனுப்பினால் வழியில் உள்ள ரவுட்டர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ‘அளவைக் குறை’ என்று ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க்கின் பிழை, சோதனைச் செய்தி; இது வகை 3, குறியீடு 4) அனுப்பும். பாதுகாப்பு என்ற பெயரில் பிங் தவிர மற்ற ஐசிஎம்பியை எல்லாம் ஃபயர்வாலில் அடைத்திருந்தால் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ச் சேராது. இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலின் மூன்று பாக்கெட்டுகளும் சிறியவை, தடையில்லாமல் போய்விடும். முதல் முழு அளவுப் பாக்கெட்டில் கதை முடிந்தது. எஸ்எஸ்எச்சில் அது பெரும்பாலும் சாவி பரிமாறும் கட்டம்.

சோதிக்க, ‘துண்டாக்காதே’ குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போனால் சந்தேகமே வேண்டாம். ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (ஒரு டிசிபி பாக்கெட்டில் ஏறும் தரவுக்கு வைக்கும் வரம்பு) 1452 என்று வையுங்கள், ஐபிவி6-க்கு 1432. ஐபிவி6-இல் வழியிலுள்ள ரவுட்டர் துண்டாக்கவே துண்டாக்காது, அங்கே ஐசிஎம்பியை அடைப்பது சுத்த மடமை.

கே: டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டை (நெரிசலைப் பார்த்து அனுப்பும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) செய்து பார்க்க ஒரே லேப்டாப் போதுமா?
– பொறியியல் மாணவர், தேவகோட்டை

ப: தாராளமாக. லினக்ஸில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸை (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க்) வீத் என்ற மெய்நிகர் கேபிளால் கோத்து, ஒரு முனையில் நெட்எம் (தாமதத்தைப் போலியாக உண்டாக்கும் கருவி) வைத்து 80 மில்லிசெகண்ட் தாமதமும் 100 எம்பிபிஎஸ் வேகமும் கொடுங்கள். இந்தப் பாதை நிரம்ப 10 லட்சம் பைட் வழியில் இருக்க வேண்டும். விண்டோ ஸ்கேலிங்கை (பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவான விண்டோவைப் பெரிதாக்கும் வசதி) அணைத்துவிட்டு, வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால், 65,535 பைட் விண்டோவுக்கு 6.5 எம்பிபிஎஸ்தான் தேறும்.

கோட்டைவிடும் இடம் இரண்டு. நெட்எம் வரிசையில் இயல்பாக 1000 பாக்கெட்தான் கொள்ளும். வேகத்தை 1 ஜிபிபிஎஸ் ஆக்கினால் வரிசை வழிந்து பாக்கெட் கொட்டும். அதை கியூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையின் குணம் என்று ரெக்கார்டில் எழுதிவைப்பவர்கள் உண்டு. அடுத்தது, ஸ்கேலிங் எண் இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட்டில் மட்டுமே வரும். இணைப்பின் நடுவில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் தொடங்கினால் அது காட்டும் விண்டோ அளவு பொய்.

கே: பழைய வீடு. முகப்பில் ரவுட்டர், இரண்டாம் கட்டில் வைஃபை எடுக்கவில்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: வேண்டாம். நம் வீட்டுச் சுவர் கனத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தாங்காது. ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுக்கும் ரிப்பீட்டர் வேகத்தையும் பாதியாக்கும். வளவைச் சுற்றி கேட்6 கேபிள் இழுத்து, இரண்டாம் கட்டில் ஆக்செஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. தெருவுக்குத் தெரு நீளும் வீடு என்றால் முதலில் டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள்.