வாசகர் கேள்வி – பதில்: ஹெல்பராகப் போவதா, ஐ.டி.ஐ.யில் சேர்வதா?

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறியிருக்கிறான். எங்கள் தெருவில் வீட்டு வயரிங் எடுத்துச் செய்பவர் ஒருவர், தம்முடன் ஹெல்பராக அனுப்பினால் முழு எலக்ட்ரீசியனாக்கி விடுவதாகச் சொல்கிறார். ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) இரண்டு ஆண்டு, அதற்குமேல் ஒரு நிறுவனத்தில் வேலை பழகும் அப்ரண்டிஸ் ஓராண்டு என்று எதற்கு அலைய வேண்டும் என்றும் கேட்கிறார். எதற்கு அனுப்பலாம்?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிப்பது, ஓர் அறைக்கு எத்தனை மீட்டர் வயர் பிடிக்கும் என்று பார்த்த பார்வையிலேயே சொல்வது, வீட்டுக்காரர் நாளுக்கொரு மாற்றம் சொன்னாலும் முகம் கோணாமல் வேலையை முடிப்பது ஆகியவற்றை எந்த வகுப்பறையும் அவரளவுக்குக் கற்றுத் தராது. ஆனால், பார்த்துப் பழகியதை மட்டுமே நம்பிய கை ஓரிடத்தில் வந்து நின்றுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை. பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தால் இரண்டு துளைகளிலும் ஒளிர்கிறது. காரணம் கற்காத ஹெல்பர், 'இரண்டிலும் ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி) வந்துவிட்டது' என்று போர்டையே பிரித்துப் போடுவார். பாடம் படித்தவருக்கோ, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) எங்கோ அறுந்திருக்கிறது என்பதும், சுவிட்ச் போட்டபடி விடப்பட்ட ஏதோ ஒரு விசிறியின் வழியாக ஃபேஸ் மறுபக்கம் வந்து நிற்கிறது என்பதும் உடனே பிடிபடும். இது வெறும் கெட்டிக்காரத்தனம் அன்று. மும்முனை இணைப்புள்ள வீட்டில் பொது நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் ஏறிக் குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் கருகிப் போகக்கூடும். கை வைப்பவர் உயிருக்கும் உத்தரவாதமில்லை.

ஆகவே ஐ.டி.ஐ.யில் சேருங்கள் என்பதே என் பதில். எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். (எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு வயர்மேன் பிரிவு இருக்கிறது.) அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கும். தொடக்க நாள்களில் வயரைச் சீவி, மேரீட் ஜாயிண்ட், பிரிட்டானியா ஜாயிண்ட், டீ ஜாயிண்ட் என்று வயர்களை இணைக்கும் முறைகளைத் திரும்பத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். பையன்களுக்கு அது சலிப்பைத் தரும். 'இதையெல்லாம் இன்று யார் கட்டுகிறார்கள்' என்று வீட்டில் வந்து கேட்பார்கள். இறுக்கம் போதாத இணைப்பு சூடேறும் என்பதை விரல்கள் அங்கேதான் கற்றுக்கொள்கின்றன என்பதால் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், மோட்டார் காயில் கட்டுவது, மெக்கர் என்னும் கருவியை வைத்து இன்சுலேஷன் (மின்காப்பு) சரியாக உள்ளதா என்று பார்ப்பது எல்லாம் பிறகு வரும்.

தெருவிலுள்ள அந்த அண்ணனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் ஆண்டில், விடுமுறை நாள்களில் அவருடன் அனுப்பி வையுங்கள்.

கேள்வி: ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்துவிட்டேன். ஒரு நிறுவனத்தில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் போடுவதை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார்கள். சேரலாமா? பயிற்சி முடிந்ததும் வேலை நிரந்தரமாகுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஒப்பந்தம் இல்லையென்றால் அங்கே நீங்கள் அப்ரண்டிஸ் அல்லர்; குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த ஓர் ஆள், அவ்வளவுதான். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் ஓராண்டு முடிவில் தேர்வெழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பெற முடியும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்வதால், கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அதே விதிகள் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. இப்போதைய தொகையையும் பதிவு செய்யும் முறையையும் உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிரந்தரத்தைப் பொறுத்தவரை, சட்டம் அப்படி எந்த உறுதியும் தரவில்லை. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர் என்றே அது கருதுகிறது. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியிருக்கிறது. ரயில்வே தன் கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காட்டை, ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்குகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பொன்மலைப் பணிமனை ஆகியவற்றின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

சேரும் இடத்தில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேனல் போர்டைத் திறந்து காட்டும் மூத்தவர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா? ஓராண்டு முழுவதும் பல்பு மாற்றிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். தினமும் செய்த வேலையைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். ஒரே வேலையே மாதக்கணக்கில் வந்தால், அந்தக் குறிப்பேட்டைக் காட்டித்தான் பேச முடியும். உரிய அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு.

கேள்வி: எனக்கு வயது 38. பதினைந்து ஆண்டுகளாக வயரிங் வேலை செய்கிறேன். கையில் ஒரு சான்றிதழும் இல்லை. இனி என்ன வழி?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்தாண்டுக்குக் குறையாத அனுபவம் இருந்தால் எழுதலாம். வயது உச்சவரம்பு கிடையாது. அறிவிப்பு நாளிதழ்களில் வரும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யிலும் விசாரிக்கலாம். அனுபவச் சான்றை, நீங்கள் வேலை பார்த்த உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அவரைத் தேடினால் கடைசித் தேதி கடந்துவிடும். இது உதவியாளருக்கான சான்று மட்டுமே. சொந்தமாக ஒப்பந்த வேலை எடுப்பதற்கான உரிமம் வேறு. அதற்குச் சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.