ஹெபடைடிஸ் பற்றியும் அதற்கான தடுப்பூசி பற்றியும் நம்பிப் படிக்க எங்கே போவது?

ஹெபடைடிஸ் எனும் கல்லீரல் அழற்சி பற்றியும் தடுப்பூசி பற்றியும் நோயாளிகள் படிக்க எந்தத் தளங்கள், மருத்துவத் துறையினர் படிக்க எந்தத் தளங்கள் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினைதான் என்னை எழுத வைத்தது. நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் ஒரே இரவில் பணியாளராகவும் நோயாளியாகவும் நிற்க நேர்ந்தவள். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நோயாளிகள் துறையினருக்காக எழுதப்பட்ட பக்கங்களையும், துறையினர் நோயாளிகளுக்காக எழுதப்பட்ட பக்கங்களையும் கட்டாயம் படிக்க வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டாம், தளங்களைப் படித்தாலே போதும் என்று நான் சொல்வதாகப் பின்னூட்டத்தில் யாரும் திரிக்க வேண்டாம். சரியான கேள்வியோடு மருத்துவர் முன் உட்காருவதற்கு எது உதவும் என்பதுதான் என் பேச்சு.

பொறுமை இல்லாதவர்களுக்காக இடங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் ஏ, பி, சி, டி, இ என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சுருக்கக் குறிப்பு இருக்கிறது. அதற்கு மேல் ஆழமாகப் போக விரும்புவோருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றிய 2017ஆம் ஆண்டின் நிலைப்பாட்டு அறிக்கையும், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சை பற்றி 2024இல் வெளியான வழிகாட்டியும் அங்கேயே கிடைக்கும். நோயோடு வாழ்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி ஃபவுண்டேஷனின் தளம். தடுப்பூசி தொடர்பான நுணுக்கமான சந்தேகங்களுக்கு இம்யூனைஸ்.ஆர்க் தளத்தில் வல்லுநர்கள் பதில் சொல்லும் பகுதி. பிரிட்டன் அரசின் ‘கிரீன் புக்’ என்ற தடுப்பூசிக் கையேட்டில் 18ஆம் அத்தியாயம் முழுக்க ஹெபடைடிஸ் பி பற்றியதுதான். ஹெபடைடிஸ் மருந்துகள் மற்ற மருந்துகளோடு மோதுமா என்று பார்க்க லிவர்பூல் பல்கலைக்கழகம் நடத்தும் தளம் இருக்கிறது. எந்த மருந்து கல்லீரலைப் பாதிக்கும் என்று அறிய அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் லிவர்டாக்ஸ் இருக்கிறது. இவை அனைத்தும் இலவசம்.

இனி என் கதை. இரத்தம் எடுத்துவிட்டு ஊசியை வெளியே இழுக்கும் நேரத்தில் நோயாளி கையை உதறினார். ஊசி கையுறையைத் துளைத்துக்கொண்டு என் இடது சுட்டுவிரலில் இறங்கியது. விரலைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவினேன். அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது கோப்பிலேயே எழுதியிருந்தது. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு இப்படிக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு, ஊசி யாருடைய உடலிலிருந்து வந்ததோ அந்த நோயாளியின் நிலையைப் பொறுத்து, 6 முதல் 30 விழுக்காடு வரை என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அதே சூழலில் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 0.3 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் என் பதற்றம் புரியும்.

பணியில் இருந்த பொறுப்பாளர் என் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். மூன்று டோஸும் பயிற்சிக் காலத்திலேயே போட்டாகிவிட்டது, தேதியும் முத்திரையும் இருக்கின்றன, பிறகென்ன கவலை, போய் வேலையைப் பாருங்கள் என்றார். நோயாளிகளுக்கான துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லும்: மூன்று டோஸ் போட்டால் பாதுகாப்பு உண்டு. பொய்யில்லை. 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு அது உண்மை. மீதமுள்ளவர்களில் நான் ஒருத்தியா என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நடைபாதையில் நின்றபடியே கைப்பேசியில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி மருத்துவப் பணியாளர்களுக்காக வெளியிட்டிருந்த அட்டவணையைத் தேடி எடுத்தேன். அதில் தடுப்பூசி போட்டவர்களை ஒரே கூட்டமாக அடைக்கவில்லை. நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவானது பரிசோதனையில் உறுதியானவர், இரண்டு சுற்று போட்டும் உருவாகாதவர், போட்டுக்கொண்டார் ஆனால் உருவானதா என்று பார்க்கப்படவே இல்லை என்பவர் என்று தனித்தனி வரிகள் இருந்தன. மூன்றாவது வரி நான். அப்படிப்பட்டவருக்கு உடனே ஆன்டி-எச்பிஎஸ், அதாவது தடுப்பூசியால் உருவாகும் அந்த எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகுக்குக் கீழே இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும், புதிய தடுப்பூசிச் சுற்றின் முதல் டோஸும் கொடுக்க வேண்டும். இம்யூனோகுளோபுலினை இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இதைக் காட்டியபோது பொறுப்பாளர் திரையைப் பார்க்கக்கூட இல்லை. இணையத்தில் படித்ததையெல்லாம் இங்கே கொண்டு வராதீர்கள் என்றார். தொற்றுக் கட்டுப்பாட்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அந்த அட்டவணையை வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, உடனே இரத்தம் அனுப்புங்கள் என்றார். முடிவு 10க்குக் கீழே வந்தது. அன்றிரவே இம்யூனோகுளோபுலின் ஓரிடத்திலும் தடுப்பூசி வேறோர் இடத்திலும் போடப்பட்டன.

அதன் பிறகும் ஒரு கண்ணி இருந்தது. இம்யூனோகுளோபுலின் என்பது வேறொருவர் உடலில் உருவான எதிர்ப்பொருள். அது இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும்போது அளவைப் பார்த்தால், என் உடல் தானாக எதையும் உருவாக்காவிட்டாலும் எண் நன்றாகவே வரும். ஆய்வகத்தில் சீக்கிரமே பார்த்துவிடலாம் என்றார்கள். வல்லுநர் பக்கத்தில் காத்திருக்கச் சொல்லியிருந்தது, காத்திருந்தேன். புதிய சுற்று முடிந்து, அந்த இரவல் எதிர்ப்பொருளும் வடிந்த பிறகு பார்த்ததில் என் அளவு 10க்கு மேல் நன்றாகவே இருந்தது. இப்போது தொற்று இருப்பதைக் காட்டும் எச்பிஎஸ்ஏஜி, எப்போதாவது தொற்றியிருப்பதைக் காட்டும் ஆன்டி-எச்பிசி இரண்டும் எதிர்மறை, அதாவது நோய் தொற்றவில்லை. இதை நான் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் காத்திருந்த அந்தக் காலத்தில் அட்டவணை எனக்குச் சோறு போடவில்லை. வீட்டில் எப்படிப் பேசுவது, எதைத் தனியாக வைத்துக்கொள்வது என்பதை நோயாளிகளுக்கான பக்கங்கள்தாம் எளிய வாக்கியங்களில் சொல்லித் தந்தன: கட்டியணைப்பதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், இருமலாலும் இது பரவாது; சவர பிளேடு, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றைப் பகிர வேண்டாம்; உலர்ந்த இரத்தக் கறையிலும் வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும், ஆகவே கறையைச் சரியான கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். இன்று வார்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால் நான் இந்த வாக்கியங்களைத்தான் பயன்படுத்துகிறேன். அவர்கள் யாரும் எதிர்ப்பொருளின் பெயரைக் கேட்பதில்லை. குழந்தையைத் தூக்கலாமா என்றுதான் கேட்கிறார்கள். துறையினர் நோயாளிப் பக்கங்களைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையையும் கொட்டிவிடுகிறேன். பல நிறுவனங்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பூஸ்டர் முகாம் நடத்துகிறார்கள், புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் பணியாளரின் எதிர்ப்பொருள் அளவை ஒருமுறை பார்த்துப் பதிவு செய்தால், ஆரோக்கியமானவருக்குப் பிறகு பூஸ்டரே தேவையில்லை என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த ஒரு பரிசோதனையைச் செய்வதில்லை. தடுப்பூசி அட்டையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தேவையற்ற ஊசிக்குச் செலவு செய்பவர்கள் தேவையான பரிசோதனைக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

நோயாளிகள் ஏன் துறையினர் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் உதாரணம் தருகிறேன். எச்பிஎஸ்ஏஜி எதிர்மறை, ஆன்டி-எச்பிசி நேர்மறை என்று அறிக்கை வந்த ஒருவரிடம், பழைய தொற்று குணமாகிவிட்டது, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எளிய பக்கங்களும் அப்படியே சொல்லும். பெரும்பாலோருக்கு அது சரிதான். ஆனால் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்களின் உட்கருவில் ஒடுங்கிக் கிடக்கும் என்பதும், சில புற்றுநோய்களுக்குத் தரப்படும் ரிடுக்சிமாப் போன்ற மருந்து கொடுத்தால் அது மீண்டும் தலைதூக்கலாம் என்பதும் துறையினருக்கான பக்கங்களில்தான் அழுத்தமாக இருக்கின்றன. 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மருந்தின் எச்சரிக்கையை இந்தக் காரணத்துக்காகவே கடுமையாக்கியது. 2016இல் ஹெபடைடிஸ் சி மாத்திரைகளுக்கும் இதே காரணத்துக்காக எச்சரிக்கை வந்தது. மேற்சொன்னவருக்கு அப்போது புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்க இருந்தது. தன் அறிக்கையின் அந்த ஒரு வரியைத் தானே மருத்துவரிடம் எடுத்துச் சொன்னார்; முன்கூட்டியே வைரஸ் தடுப்பு மாத்திரை எழுதித் தந்தார்கள்.

ஒரு பக்கம் நம்பத்தக்கதா என்று பார்க்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஹெபடைடிஸ் சி பகுதியைத் திறந்து பார்ப்பேன். இன்டர்ஃபெரான் ஊசிதான் முதன்மைச் சிகிச்சை என்று இன்னும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் பல ஆண்டுகளாகத் தொடவில்லை என்று பொருள். சோஃபோஸ்புவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை 2013இல் வந்த பிறகு, 8 முதல் 12 வார மாத்திரைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். சி வகைக்குத் தடுப்பூசி இருப்பதாகச் சொன்னால் உடனே மூடிவிடலாம், அப்படி ஒன்று கிடையாது. டி வகைக்குத் தனித் தடுப்பூசி இல்லை, பி தடுப்பூசியே அதையும் தடுக்கும் என்று சொல்லியிருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியும். கடைசியாக, யார் எழுதினார்கள், எப்போது திருத்தினார்கள், பணம் யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பணம் என்றதும் ஒருவர் வருவார் என்று தெரியும்: இம்யூனைஸ்.ஆர்க் தடுப்பூசி நிறுவனங்களிடம் நிதி பெறுகிறதே என்பார். பெறுகிறது, நிதி தருவோர் பெயரைத் தளத்திலேயே வெளியிடுகிறது. அதனால்தான் நான் ஒரே தளத்தை நம்பச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தையும் கிரீன் புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அப்படி ஒப்பிடும்போது வேறுபாடுகள் கண்ணில் படும், அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் டோஸ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு நோய் நாள்பட்டதாகிவிடுகிறது, பெரியவர்களில் அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. பிரிட்டனில் தாய்க்கு நோய் இருந்தால் பிறந்தவுடனும், இல்லாவிட்டால் சில வாரங்கள் கழித்துக் கூட்டுத் தடுப்பூசியாகவும் போடுகிறார்கள். நோயின் பரவல், கர்ப்பிணிகள் அனைவரையும் பரிசோதிக்கும் வசதி ஆகியவற்றைப் பொறுத்த வேறுபாடு இது. தடுப்பூசி ஆபத்தானது என்பதற்கான சான்று இதில் இல்லை. 2025 டிசம்பரில் அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, தாய்க்குத் தொற்று இல்லாத குழந்தைகளின் பிறப்பு டோஸைப் பெற்றோரும் மருத்துவரும் பேசி முடிவு செய்யலாம் என்று மாற்றியதை, நான் அறிவியல் முன்னேற்றமாகப் பார்க்கவில்லை. அரசுத் தளமும் காற்றுக்கேற்ப அசையக்கூடும் என்பதற்கு அது அண்மைக் காலச் சாட்சி. பிரான்சில் 1998இல் இந்தத் தடுப்பூசியால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் வருகிறது என்ற அச்சத்தில் பள்ளித் திட்டத்தையே நிறுத்தினார்கள். 2001இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அப்படித் தொடர்பு எதையும் காணவில்லை. அந்தப் பழைய அச்சம் இன்றும் வாட்ஸ்அப்பில் புதுச் செய்தியாகச் சுற்றி வருகிறது.

உங்கள் கையில் இப்போது ஓர் அறிக்கை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022 நிலவரப்படி உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்கிறார்கள், அவர்களில் 13 விழுக்காட்டினருக்குத்தான் அது தெரியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தெரிந்துகொண்டதே நல்லது. அறிக்கையில் எச்பிஎஸ்ஏஜி மட்டும் இருந்தால், ஆன்டி-எச்பிஎஸ், ஆன்டி-எச்பிசி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லி 2023இல் சிடிசி பரிந்துரைத்தது. எச்பிஎஸ்ஏஜி நேர்மறையாக வந்தால், அதற்கு முந்தைய மூன்று வாரங்களுக்குள் தடுப்பூசி போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள், ஊசியில் உள்ள புரதமே சில நாட்கள் அப்படிக் காட்டக்கூடும். ஊசி போடவில்லை என்றால் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் நேர்மறையாகவே நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். அறிக்கையின் படத்தைப் பெயரோடு இங்கே பதிவிட வேண்டாம். பதிவிட்டாலும் அதைப் பார்த்து நான் மருந்து சொல்லப் போவதில்லை. எந்தப் பக்கத்தில் எந்த அட்டவணையைத் தேட வேண்டும் என்று கேட்டால் மட்டும் பதில் எழுதுகிறேன்.