600 ஆண்டுப் பழைய ஆங்கிலேய மர வீட்டைப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தினார்களாமே, அது எப்படி முடிந்தது?

நீங்கள் கேட்பது பேலீஃப் பண்ணை வீட்டைப் பற்றி என்று எண்ணுகிறேன். கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன் பகுதியில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த வீடு, பௌ பீச் நீர்த்தேக்கத்துக்காக 1968-69இல் பிரிக்கப்பட்டு, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டன் கிராமத்தருகே உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே அரை நாள் சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீட்டில் பாரத்தைத் தாங்குவது சுவரன்று, ஓக் மரச் சட்டகம். அக்காலத் தச்சர்கள் ஈரம் காயாத மரத்தையே அறுத்து, சட்டகத்தை முதலில் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் ரோமன் எண்ணைப் போன்ற குறியை உளியால் கீறி, எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, வீடு அமையும் இடத்தில் மறுபடி கோப்பார்கள். குடியேறுவதற்கு முன்பே ஒருமுறை பிரிக்கப்படுவது இத்தகைய வீட்டின் பிறவி வழக்கம்.

இணைப்புகளில் ஆணி கிடையாது. விட்டத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கித் தூணின் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் முளையை அடிப்பார்கள். நாக்கில் உள்ள துளையைச் சற்றே விலக்கித் துளைத்திருப்பதால், முளை இறங்க இறங்க இரண்டு மரங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பிரிக்கும்போது முளையைத் தட்டி எடுத்தால் போதும். சட்டங்களுக்கு இடையே வரிச்சுப் பின்னி, வைக்கோலும் சாணமும் பிசைந்த களிமண்ணை இருபுறமும் அப்பிய அடைப்புதான் பெயர்த்துக் கொண்டுபோக முடியாதது. அதைப் புதிதாகவே செய்தாக வேண்டும்.

வீட்டின் நடுவில் கூரை வரை திறந்த கூடம். அதன் தரையில் அடுப்பு, புகைபோக்கி இல்லை. இரு முனைகளிலும் மேல்தளம் உண்டு. அது முகப்பில் கீழ்த்தளத்தைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கூரை என்பதால் கூடத்தின் முன்னால் இறவாரம் ஆழமாகிறது, அதை வளைந்த தாங்குகட்டைகள் ஏந்தி நிற்கின்றன. ஒரு முனையின் அறைகள் 1505-10 வாக்கில் சேர்ந்தவை. சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகளும் பலகைக் கதவும்தான். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் புகை கைமரங்களை நோக்கி மெதுவாக ஏறுகிறது. வெளியே வந்த பின்னும் என் சட்டையில் அந்த வாசனை இருந்தது.

ஒன்றில் மட்டும் எனக்கு முழு உடன்பாடில்லை. பிற்காலத்தில் கூடத்துக்குள் கட்டிய புகைபோக்கியை மறுபடி வைக்காமல், வீட்டை 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தோற்றத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். கட்டடக்கலையை விளக்க அது உதவுகிறது. ஆனால் அந்தப் புகைபோக்கியின் கீழே குளிர்காய்ந்தவர்களின் காலம் வீட்டிலிருந்து நீங்கிவிட்டது.